கடையில் வாங்காத புனல்

“இதைப் போய் யாராவது கடையில வாங்குவாங்களா?” என்று கேட்டு, கடை வாசல் வரை போனவரையும் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்துவிடும் ஓர் இனம் மனிதர்களுக்குள் உண்டு. பார்த்திருப்பீர்கள். அடையாளம் எளிது. இவர்கள் வீட்டுப் பரணில் கைப்பிடி போன வாளி, வாளி போன கைப்பிடி, மூடியில்லாத டப்பா, எந்த டப்பாவுக்கும் பொருந்தாத மூடி, எதிலிருந்து கழன்றது என்று அதற்கே தெரியாத ஒரு சுருள்கம்பி, எல்லாம் ‘என்னிக்காவது உதவும்’ என்ற நம்பிக்கையில் படுத்திருக்கும். அந்த ‘என்னிக்காவது’ வருமா? வரும். வரும்போது அந்தச் சாமான் அகப்படாது.

நம் இன்ஜினியர் அந்த இனம். தெருதான் அவரை இன்ஜினியர் என்கிறது. உத்தியோகம் தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுவது.

அன்று விடுமுறை, அதாவது வீட்டுக்கு ஆபத்தான நாள். அவர் மனைவி எலுமிச்சை மணக்கக் கைகழுவும் சோப்புத் திரவம் காய்ச்சி, பெரிய பாத்திரத்தில் ஆறவைத்திருந்தாள். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துப் பெயர் வாங்கி, முதன்முதலாக வெளியிலிருந்து வந்த ஆர்டர். லாட்ஜ் மேனேஜர் கேட்டது பன்னிரண்டு பாட்டில், மாலை நாலு மணிக்கு. பிடித்துவிட்டால் மாதாமாதம் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். குறுகிய வாய் கொண்ட நீலப் பாட்டில்களைக் கழுவி மேஜையில் கவிழ்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பழைய புனல் விரிசல் விட்டது.

“ஓடிப்போய் முனைக்கடையில ஒரு புனல் வாங்கிட்டு வா” என்றாள் மகளிடம். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் உள்ளறையில் செய்தித்தாள் மடிகிற சத்தம் கேட்டது.

“புனலா? இதைப் போய்...”

“ஏங்க, வேணாங்க. நாலு மணிக்கு மேனேஜர் வந்துருவார்.”

“நாலு மணி எதுக்கும்மா? நாலு நிமிஷம் கொடு.”

அவருக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. காலிப் பால் கவர் ஒன்றை எடுத்துக் கழுவி, கூம்பாகச் சுருட்டி, துணி மாட்டும் கிளிப்பால் கவ்வவைத்து, நுனியைக் கத்தரித்தார். அருமையான புனல். மனைவி கையை நீட்டினாள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள்.

“இது சும்மா மாதிரிக்கும்மா. இதைக் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கணும். தானா நிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன்” என்று அதைத் தொட்டி ஓரமாக வீசிவிட்டு, பிளேடு, டேப், மகளின் காம்பஸ், கைக்கு அகப்பட்ட ஒரு பாட்டில், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பாட்டிலை நடுவில் அறுத்துத் தலைகீழாகப் பிடித்தால் புனல்தானே? ஆனால் அதன் வாய் எந்த அகலமோ அதே அகலம்தான் நிரப்ப வேண்டிய பாட்டிலின் வாயும். எப்படி நுழையும்? மூடியில் ஓட்டை போட்டுப் பேனாவின் வெற்றுக் குழாயைச் செருகினார். சொட்டுக் கசியக் கூடாதே என்று ரப்பர் வளையம் வைத்தார். வளையம் நழுவாதிருக்க டேப், டேப் பிரியாதிருக்கப் பசை, சாயாமல் நிற்க மூன்று கால்கள், தூசி விழாமலிருக்க டீ வடிகட்டியின் வலை.

“ஆச்சாங்க?”

“காயுது!”

எது காய்கிறது என்று அவள் கேட்கவில்லை. இந்த இனத்தோடு குடித்தனம் செய்கிறவர்கள் கேட்பதில்லை. எப்போதும் ஏதோ ஒன்று காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

“அப்பா, திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடறது?” என்றாள் மகள், கதவோரம் நின்று.

“சிரி, சிரி. நாளைக்கு நீயே வந்து இரவல் கேப்பே.”

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. புனலை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றார். மேஜையில் பாட்டில்கள் நிறைந்து வரிசையாக நின்றன. தொட்டியோரம் கிடந்த பால் கவர் கூம்பை எடுத்துக் கழுவி, அம்மா பிடிக்க மகள் ஊற்றி, வேலையை முடித்திருந்தார்கள். அவர் முகம் ஊதிய பலூனில் ஊசி பட்டதுபோல ஆயிற்று.

“ஒண்ணாவது இதுல ஊத்திப் பாரும்மா.”

மனைவிக்கே பாவமாக இருந்தது. “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கணுமே... பன்னெண்டு கழுவி வெச்சேன்டி, பதினொண்ணுதான் நிக்குது?”

மகள் மேஜைக்கு அடியில் தேடினாள். பிறகு இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் புனல்மேல் போய் நின்றன. அந்தக் கழுத்து. அந்த நீலத் தோள்பட்டை. ஒரு பொருளை இப்போது என்னவாக இருக்கிறது என்று பார்க்காமல், என்னவாக ஆக்கலாம் என்றே பார்ப்பது இந்த இனத்தின் கண்.

“ஐயோ, மொத ஆர்டருங்க!” என்று மனைவி தலையில் கைவைத்தபோது வாசலில் மணி அடித்தது.

மேனேஜர் எண்ணினார். “பதினொண்ணு இருக்கேம்மா?”

“என் தப்புதான் சார். ஒண்ணை நான் அறுத்துட்டேன்” என்றார் இன்ஜினியர், புனலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

“காட்டுங்க.” மேனேஜர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். “வீட்லயே செஞ்சதா? வளையத்துக்குப் பதிலா சைக்கிள் ட்யூப் வெச்சிருக்கலாமே!”

“அட, தோணலையே!”

உடனே ஒரு பழைய எண்ணெய்ப் பாட்டிலும் தண்ணீரும் வந்தன. இரண்டு தலைகளும் குனிந்தன. இறுக்கமோ இறுக்கம், பாட்டிலுக்குள்ளிருந்த காற்றுக்கு வெளியேற வழியில்லாமல், ஊற்றிய தண்ணீர் புனலிலேயே குளமாக நின்றது.

“அடைப்பு பிரமாதம்!” என்றார் மேனேஜர்.

“அந்தப் பன்னெண்டாவது...” என்று இழுத்தாள் மனைவி.

“பதினொண்ணே போதும்மா. ரூமுக்கு ஒண்ணுன்னுதான் பன்னெண்டு கேட்டேன். ஒரு ரூம்ல குழாயை நானே சரிபண்றேன்னு கழட்டி வெச்சிருக்கேன். அந்த ரூம் பூட்டித்தான் கிடக்கு.”

“எப்ப கழட்டினீங்க சார்?” என்றாள் மகள்.

“போன வருஷம். மாசாமாசம் பதினொண்ணு கொடுத்துடுங்க.”

மனைவி பெருமூச்சு விட்டாள். அதில் பாதி தனக்காக. மீதி, முன்பின் பார்த்திராத அந்த மேனேஜரின் மனைவிக்காக.

நீங்களும் அந்த அம்மாளுக்காக இப்போது பரிதாபப்படுகிறீர்கள். நல்ல மனசு. ஆனால் ஒன்று கேட்கிறேன். படித்துக்கொண்டு வரும்போது, பேனாக் குழாய் எதற்கு, வேறு ஒன்று வைத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்குமே என்று எங்கேயாவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், இந்தப் பக்கத்தைச் சுருட்டிப் பார்க்காமல் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். நீங்கள் அந்த இனம்தான் என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவும் வேண்டாம். அவர்களுக்கு எப்போதோ தெரியும்.