இழை அண்ணாச்சியின் இரண்டு மில்லிமீட்டர்

சங்கரன்கோவிலில் எந்தத் தலையணையும் இழை அண்ணாச்சியிடமிருந்து தப்பியதில்லை. டாக்டர் வீட்டுத் தலையணை, லாட்ஜ் தலையணை, ஊசி போட்ட இடத்தில் நர்ஸ் வைத்து அழுத்திய பஞ்சு வரை பிய்த்துப் பார்த்துவிடுவார்.

ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையின் லேபில் நான் ஏழு வருஷம் அவருக்கு எதிர் நாற்காலி. வருகிற பஞ்சின் இழை நீளத்தை அளப்பது எங்கள் வேலை. இழை நீளமென்றால் நூல் மெலிசாக, உறுதியாக வரும். குட்டையென்றால் பஞ்சுக்கு மதிப்பில்லை. அளக்க மெஷின் உண்டு. அண்ணாச்சி அதையும் கையால் ஒருமுறை சரிபார்ப்பார். ஒரு சிட்டிகைப் பஞ்சை விரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை வாருவதுபோல் நேராக்கி, கறுப்புத் துணியில் படுக்கவைத்து ஸ்கேலை வைப்பார்.

துணி கைவசம் இல்லாத நேரத்துக்காகவே கறுப்புச் சட்டை மட்டும் போடுவார். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டிருக்கிறார் என்று நினைத்து ஊரில் பாதிப் பேர் "சாமி" என்பார்கள். அவர் திருத்தமாட்டார். யாராவது கூப்பிடுகிறார்களே என்று இருந்திருக்கும். கல்யாணம் ஆகவில்லை, வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமையும் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி லேபில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை கேஷியர் தன் மகன் கல்யாணம் முடிந்து எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார். பெண் வீட்டுச் சீதன மெத்தையில் உட்கார்ந்த அண்ணாச்சி, நகத்தால் தையலை நெம்பினார்.

"இலவம்பஞ்சுன்னா சொன்னாவ?"

"ஆமா, சுத்த இலவம்" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லய்யா. இது மில் கழிவு. பன்னெண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது."

ஆடித்தபசுத் திருவிழா முடிகிறவரை இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப்பின் அண்ணாச்சியை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க லேபுக்கு வருகிறவர்கள் என் மேசையோடு திரும்பிவிடுவார்கள். அந்நேரம் அவர் குனிந்து மும்முரமாக அளந்துகொண்டிருப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஸ்கேலுக்கடியில் பஞ்சே இல்லை.

போன வருஷம் புதுக் கண்ணாடி போட்டார். போட்ட அன்றே, உறைகளில் எடுத்துவைத்திருந்த பழைய மாதிரிகளை மறுபடி அளக்க ஆரம்பித்தார். மத்தியானம் ஓர் உறையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு பண்ணிட்டேன்வே."

குருவிகுளம் பக்கம் பருத்தி வெள்ளாமை பண்ணும் சம்சாரி ஒருவரின் பஞ்சு. மெஷின் பழுதாகிக் கிடந்த வாரத்தில் வந்தது. கையளவை மட்டும் நம்பி இருபத்தேழு என்று எழுதியிருந்தார்; விலையும் அதற்கேற்ப இறங்கியிருந்தது. உண்மையில் இருபத்தொன்பது.

"ரெண்டு மில்லிமீட்டர்தான அண்ணாச்சி. அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு."

"அவருக்கு முடிஞ்சிருக்காதுவே."

மேனேஜரிடம் தானே போய்ச் சொல்லி, திருத்திய தாளில் கையெழுத்தும் தனக்கு ஒரு மெமோவும் வாங்கிக்கொண்டார். மறுநாள் லீவு போட்டார். "எனக்கு மனுசங்ககிட்டப் பேச வராது. நீரும் வாரும்" என்றார்.

நாங்கள் போனபோது சம்சாரி ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நின்றபடியே சொன்னார்: "உங்க பஞ்சு நீளம் குறைச்சல்னு எழுதினது நான்தான். என் கண்ணுதான் சரியில்ல. பஞ்சுல ஒரு குறையும் இல்ல. போனதைத் திருப்ப முடியாது. இந்தத் தாளையாவது வச்சுக்கிடுங்க."

சம்சாரி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, "கேட்டியாட்டி? நம்ம பஞ்சு நல்ல பஞ்சுதானாம்" என்றார்.

வெளியே வந்த அவர் மனைவி சொன்னார்: "வெதைக்கத் தெரியாதவன்னு ஊரே சிரிச்சுதய்யா. இனிமே பருத்தியே வேண்டாம்னு இருந்தாவ இவுக." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

கட்டிலில் உட்காரச் சொன்னார்கள். அதில் ஒரு தலையணை. நான் அதைப் பார்த்துவிட்டேன். அண்ணாச்சியும் பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்த பிறகுதான் கையை எடுத்தார்.

"பொங்கலுக்கும் வாங்கய்யா" என்று அந்த அம்மா வழியனுப்பினார்.

பஸ்ஸில் அண்ணாச்சி கேட்டார்: "அவுக பொங்கலுக்கு வரச் சொன்னது நெசமாவா, சும்மாவா?"

"நெசமாத்தான்."

இரண்டு ஸ்டாப் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

ஊர் வந்து இறங்கும்போது, "இந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "உம்ம வீடு எங்கன இருக்கு?"

ஏழு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் சொன்ன ஒவ்வொரு திருப்பத்தையும் மறந்துவிடக் கூடாதென்று அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.