நாலு பத்து விபத்து விசாரணைக் குழு

1999-ஆம் ஆண்டில் மனித அறிவு எட்டிய உச்சம் எது என்று யாராவது கேட்டால், கோவை ஆர்.எஸ்.புரத்தில் நஞ்சுண்டன் வீட்டு முன்ஹாலைத்தான் கைகாட்ட வேண்டும். ஒரே டெலிபோன் இணைப்பில் நான்கு கம்ப்யூட்டர்களை மாட்டி, கல்லூரி விட்டு வரும் இளைஞர்கள் இன்டர்நெட் வழியாகப் பின்லாந்து இளைஞர்களைச் சுடுவதற்கு அங்கே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. கோவை அணியின் பண்பாடு தனியாகச் சொல்லத்தக்கது. "ஏனுங்க யூசுப், சித்த குனிஞ்சுக்கறீங்களா, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கறாருங்க, சுட்டுப்போடறேன்" என்று பிரவின்குமார் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஒருத்தர் இருவரையும் சுட்டிருப்பார்.

இப்பேர்ப்பட்ட நிறுவனம் தினமும் மாலை நாலு பத்துக்குப் படுத்துக்கொண்டது. திரையில் வீரன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி உறைந்து நிற்பான். அடுத்து, தொடர்பு அறுந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும்.

நஞ்சுண்டன் மில்லில் முப்பது வருடம் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விசாரிக்காமல் விட்டதில்லை; எதையும் கண்டுபிடித்ததுமில்லை. உடனே குழு அமைத்தார். தலைவர் அவரே. 'தொழில்நுட்ப நிபுணர்', கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சீனிவாசலு. ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகள் பிரவின்குமாரும் உக்கடத்து யூசுப்பும். காபி, அவர் மனைவி ராமாமணி.

விபத்து நடந்த நிமிடமே குழு கூடும். கூட்டம் முடியும் வரை, தடயம் அழியாமலிருக்க, எந்த மிஷினையும் தொடக்கூடாது. மறுபடி லைன் போடக்கூடாது. கூட்டம் சரியாகப் பதினைந்து நிமிடம் நடக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தின் அருமை அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேச்சுச் சத்தம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று டெலிபோனை அடுப்படிக்கு மாற்றியிருந்தார்கள். ஹாலில் ஒயர் மட்டும். ராமாமணியின் மகள் சண்முகப்ரியா தை மாதம் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போனவள். மாப்பிள்ளை இருட்டிய பிறகுதான் வருவார். அக்கம்பக்கமெல்லாம் மராத்தி. காலையிலிருந்து வாய்க்குள்ளேயே கிடந்த தமிழை எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு எஸ்.டி.டி. பூத்துக்கு நடப்பாள். லைனோ இன்டர்நெட்டில் இருக்கும். எங்கேஜ்டு, எங்கேஜ்டு என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஒரு நாள், பிள்ளையிடமிருந்து ஏன் போனே வரவில்லை என்று ராமாமணி ரிசீவரை எடுத்துப் பார்த்தாள். உள்ளே தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு கீச்சல். ஹாலில் நான்கு பேர் "அய்யோ" என்றார்கள். பயந்து வைத்துவிட்டாள். வைத்ததும் மணி அடித்தது. "அம்மா" என்றது பூனா.

மறுநாளும் எடுத்தாள். அது தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. திருட்டு போலிருக்கிறதே என்று நினைத்து, மனம் உறுத்துவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உறுத்தவில்லை. பசி எடுத்தது, இரண்டு தோசை சாப்பிட்டாள்.

குழுவின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரம் சீனிவாசலு மெமரி அட்டைகளைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் மூன்று முறை ஃபார்மட் செய்தார். மூன்றாம் வாரம் மானிட்டர்கள் கிழக்கு பார்த்துத் திருப்பப்பட்டன. யு.பி.எஸ். பேட்டரி 'சந்தேகத்தின் பேரில்' கழற்றப்பட்டது.

அன்று காபி கொண்டுபோனபோது ராமாமணியே வாய் திறந்தாள்.

"ஏனுங்க, அந்த நேரத்துக்கு நாந்தானுங்க போனை எடுக்கறேன். அதுலதான் அறுந்துபோகுதாட்ட இருக்குது."

"சர்க்கரை கம்மிங்க" என்றார் சீனிவாசலு.

"அம்மணி, இது சர்வர் சமாச்சாரம்" என்றார் நஞ்சுண்டன். "பின்லாந்து வரைக்கும் போகுது. நீ போனை எடுத்தா பின்லாந்து நிக்குமா?"

"நின்னுதுங்க."

"சரி, சர்க்கரை கொண்டா."

சொன்னதில் ஒரு வரியும் குழுவின் குறிப்பேட்டில் ஏறவில்லை. அடுப்படிக்குத் திரும்பிய ராமாமணிக்குக் கோபம் வரவில்லை, லேசாக இருந்தது. ஒப்புக்கொண்ட பிறகும் பிடிபடாத குற்றவாளிக்கு இருக்கும் சுதந்திரம் அது.

நான்காம் வாரம் சீனிவாசலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். "புடிச்சுட்டேனுங்க. அடுப்படியில குழம்பு கொதிக்குது. ஆவி போன் ஒயர்ல ஏறி, நேரா மோடத்துக்கு வருதுங்க."

"நாலு மணிக்கு யாருங்க குழம்பு வெக்கறாங்க?" என்றான் யூசுப்.

"மத்தியானம் வெச்ச ஆவிதானுங்க. வந்து சேர நேரமாகுமில்ல?"

குழு ஏகமனதாக ஏற்றது. டெலிபோன் அடுப்படியிலிருந்து கழற்றப்பட்டு, ஹாலில் தலைவரின் மேஜைமேல் வைக்கப்பட்டது. விபத்து நின்றுபோனது. சீனிவாசலுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மூன்று நாள் பின்லாந்தோடு இடைவிடாத போர். மூன்று நாளும் நாலு பத்துக்கு ராமாமணி அடுப்படிச் சுவரில் போன் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே சதுரமாகச் சுவர் வெளுத்திருந்தது. பிள்ளை எத்தனை தடவை நம்பரைச் சுற்றியிருப்பாள், திரும்பி நடக்கையில் யாரிடம் என்ன பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் பார்வை சற்று மேலே போனது. அடுப்படி வாசலுக்கு மேல் மெயின் சுவிட்ச்.

நாலு பத்து. ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்சை இறக்கினாள். வீடு கப்சிப் ஆனது. திரைகள் நான்கும் கறுத்தன. வீட்டுக் கரண்டு இல்லாமலே ஓடும் ஒரே பொருள் தலைவரின் மேஜைமேல் இருந்தது. அது அடித்தது.

நஞ்சுண்டன் எடுத்தார். "உன்ற பொண்ணுதான். கரண்டு போன நேரம் பாத்துக் கூப்புடறா பாரு" என்று ரிசீவரை நீட்டிவிட்டு, அவசரக் கூட்டத்தைத் தொடங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிரவின்குமார் எழுத, அவர் சொல்லிக்கொண்டே போனார்:

"விபத்துக்குக் காரணம் மின்வாரியம். எழுதீட்டயா? சம்பவ நேரத்தில் குழுவினர் நால்வரைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை."

பூனாவில் குரல் கம்மியிருந்தது. "அம்மா, மூணு நாளாச்சு. நெறைய சொல்லோணும். பக்கத்துல யாராச்சும் இருக்கறாங்களா?"

ராமாமணி திரும்பி, அரையிருட்டில் மிஷின்களைச் சுற்றி நின்ற நான்கு நிபுணர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"யாருமே இல்ல கண்ணு. நீ பேசு."