எத்தனை பல் தள்ளி?

அன்புக்குரிய மச்சானுக்கு,

சொல்வது நான், எழுதுவது மருமகள். இங்கே நானும் உன் அக்காளும் பிள்ளைகளும் சுகம். டிராக்டர் மட்டும் சுகமில்லை. உன் சுகத்தையும், முக்கியமாக உன் ஞாபகசக்தியின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன்.

நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது எந்த வருஷம் என்று மருமகள் கேட்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்கும் ஒரு எண் வேண்டும். எனக்கு அது தபாலாபீஸ் கூரை காற்றில் பறந்துபோய்ப் பள்ளிக்கூடத்தின் மேல் உட்கார்ந்த வருஷம். உன் பெரியவன் சட்டைப் பொத்தானை விழுங்கியதும், அது வெளியே வருமா என்று மூன்று நாள் இரண்டு குடும்பமும் காத்திருந்ததும் அந்த வருஷம்தான். அதே வருஷம் நீ டிராக்டரை இரவல் வாங்கிக்கொண்டு போய், ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டி, என்ஜினை இறுகிப்போக வைத்தாய். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது அன்றிலிருந்துதான். அதை நான் இப்போது கிளறவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகன் கார் வாங்கியிருக்கிறான். காருக்குக் கொட்டகை வேண்டும், கொட்டகையில் டிராக்டர் நிற்கிறது. பழைய இரும்பு வாங்குகிறவரை அழைத்து வந்தான். அவர் வயிற்றைத் தட்டிப் பார்க்கும் டாக்டர் மாதிரி என்ஜின் மூடியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். "மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன்ப்பா. அதுவா ஓடி வெளிய வந்தா இருக்கட்டும். தள்ளித்தான் கொண்டுவரணும்னா எடைக்குப் போயிடும்" என்றான் மகன். வேறு யாராவது பெற்ற பிள்ளையாக இருந்தால் நியாயஸ்தன் என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே என்ஜினைப் பிரித்தேன். நாலு பிஸ்டனும் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தன. டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊற்றி, ஒன்பது நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். எது எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பிப் போகவேண்டும் என்பது உனக்குத் தெரியும். படித்தவன் நம்பர் எழுதிவைப்பான். நான் இடம் பார்த்து வைத்தேன். முதலாவது ஜன்னல் மேடையில், இரண்டாவது டிவி மேல், மூன்றாவது கட்டிலுக்கடியில், நாலாவது சமையலறை அலமாரியில். கரியைச் சுரண்ட உன் அக்காளின் கரண்டிகள், கழுவுவதற்குப் பேரனைக் குளிப்பாட்டிய தொட்டி நிறைய மண்ணெண்ணெய். ஐந்து நாள் வீடு இப்படி இருந்தது. ஆறாம் நாள் சம்பந்தியம்மா, அதாவது இதை எழுதுகிறவளின் தாயார், வரப்போவதாகச் செய்தி வந்தது. நான் போல்ட் வாங்கப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் உன் அக்காள் எல்லாவற்றையும் பொறுக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பிஸ்டன்கள் கீழே சில்லறைச் சாமான்கள் மேலே என்று ஒரே கூடையில் அடுக்கித் துண்டால் மூடிவிட்டாள். செய்து வந்த நாளில்கூட அந்த பிஸ்டன்கள் அத்தனை சுத்தமாக இருந்திருக்காது. "எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு, எது எங்க போனா என்ன?" என்று கேட்டாள்.

ஆனால் எனக்குத்தான் மறக்காதே. ஜன்னல்காரனுக்கு உச்சியில் கீறல். டிவிக்காரனுக்கு ஓரத்தில் ஒரு பள்ளம். கட்டிலடிக்காரன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவன். மிச்சம் அலமாரிக்காரன். அரை நாளில் பிரித்துவிட்டேன். புது ரிங், புது கேஸ்கெட் போட்டு, வால்வு திறந்து மூடும் நேரத்தை வைக்கிற டைமிங் பற்சக்கரங்களை, அவற்றில் குறித்திருக்கும் புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டிச் சுற்றினால், இருமுகிறது. ஏர் ஃபில்டர் வழியாக வெள்ளைப் புகையைத் துப்புகிறது. கிளம்பமாட்டேன் என்கிறது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. கூரை பறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதில் ஒரு சக்கரத்தின் பல் உடைந்து, வேறொரு டிராக்டரின் சக்கரத்தை மாட்டினோமே, அதன் புள்ளி பொய்ப்புள்ளி. கண் மங்கிய மெக்கானிக் புள்ளியை நம்பாமல் பல்லை எண்ணித் தள்ளி வைத்தார். அவருக்காக எண்ணிச் சொன்னவன் நீ. நான் அப்போது டீ வாங்கப் போயிருந்தேன், இல்லையென்றால் உன்னிடம் கேட்கும் நிலை வந்திருக்காது. மெக்கானிக் போய்ச் சேர்ந்துவிட்டார். குத்துமதிப்பாக வைத்துச் சுற்றினால் வால்வு பிஸ்டனில் முட்டி வளைந்துவிடும். மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள். எத்தனை பல், எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதி அனுப்பு. நேரில் வரத் தேவையில்லை. இது சமாதானக் கடிதமும் இல்லை. தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

உன் முழங்கால் வலி படியேறும் அளவுக்காவது குறையட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் மரியாதை. உன் பிள்ளைகள் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காளின் கணவன்

பின்குறிப்பு: மருமகள் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினாள். உன் அக்காள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதையும் எழுதச் சொல்லுங்க. இல்லேன்னா அவன் வரமாட்டான். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். நானே சொல்கிறேன். நீ டிராக்டரை எடுத்துப்போன அன்று காலையில் ரேடியேட்டரைக் கழுவ அதன் அடியில் தண்ணீர் வடிக்கும் குழாயைத் திறந்தவன் நான். சரியாக மூடாமல் விட்டவனும் நான். நீ தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டினாய். அது வழியெல்லாம் ஒழுகிப்போனது. வண்டியைக் கட்டி இழுத்துவந்து நிறுத்தியதும் நான் குனிந்து குழாயை இறுக்கினேன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். என் அண்ணன் போய்விட்டார். எதிர்வீட்டு லாரி டிரைவரும் போய்விட்டார். உயிரோடு இருப்பது உன் அக்காள் ஒருத்திதான்.