ஆர்பிஎம் வீட்டில் நாலு நாள் கடுகு வெடிக்கவில்லை

கெட்ட வார்த்தை பேசினால் கோபப்படுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஹார்டு டிஸ்கைப் பற்றித் தப்பான வார்த்தை பேசினால் கோபப்படுகிற மனுசன் ஒரே ஒருத்தரைத்தான் ஆண்டவன் படைத்தான். படைத்த கையோடு அவரைப் பாப்பிரெட்டிப்பட்டியில் கொண்டுவந்து, என் போட்டோ ஸ்டுடியோவுக்கு எதிரே, கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் இறக்கியும் விட்டுவிட்டான்.

அவர் நிஜப்பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊர் அவரை ஆர்பிஎம் என்றுதான் கூப்பிடும். மிக்ஸி வாங்கினாலும் சரி, சீலிங் ஃபேன் வாங்கினாலும் சரி, "எத்தனை ஆர்பிஎம்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஹார்டு டிஸ்குக்குள் இருக்கிற தட்டு நிமிசத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று சுற்றுமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெற்ற பிள்ளை கலெக்டரான பெருமை தெரியும். ஆனால் மனுசனுடைய சொந்த வேகம் இருக்கிறதே, ஐயோ சாமி! டீக்கடைக்குப் போய் டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் நான் ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, வெட்டியும் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் கம்பைநல்லூரிலிருந்து ஒரு வாத்தியார் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சிஸ்டத்துல மெமரி போயிடுச்சுங்க."

"மெமரி போகலைங்க. மெமரி வேற, டிஸ்க் வேற. மெமரி போனா பீப்புன்னு கத்தும். கத்துதா?"

"இல்லீங்க. உள்ள என்னமோ சத்தம் வருது."

"டக்டக்கா, கிர்ரா?"

"ரெண்டும் கலந்தாப்புல..."

"கலந்தாப்புலன்னு ஒரு சத்தமே கெடையாதுங்க. டக்டக்குன்னா தட்டைப் படிக்கிற ஹெட்டு, கிர்ருன்னா தட்டைச் சுத்த வெக்கிற ஸ்பிண்டில் பேரிங். வூட்டுக்குப் போயி இன்னொருக்கா நல்லாக் கேட்டுட்டு வாங்க."

முப்பது வருசம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார், சிபியூவோடு திரும்பப் பஸ் ஏறினார். மறுநாள் காலையில் பப்ளிக் பரீட்சை ரிசல்ட் பார்த்த பையன் மாதிரி ஓடிவந்து, "டக்டக்குதாங்க!" என்றார். ஆர்பிஎம் எழுந்து நின்று, துண்டால் ஸ்டூலைத் தட்டி, "இப்ப உக்காருங்க சார்" என்றார்.

இப்படியே மூணு வருசத்தில் எங்கள் தெரு முழுக்கக் கெட்டுப்போனது. மரவள்ளிக்கிழங்கு புரோக்கர், கூட்டாளியைப் பற்றி "அவன் பேட் செக்டார்ங்க, எதைக் குடுத்தாலும் திரும்பி வராது" என்பார். தர்மபுரி பஸ் லேட்டாக வந்தால் பூக்காரம்மா, "இந்த பஸ்ஸுக்கு சீக் டைம் ஜாஸ்தி" என்று நொடிக்கும். சீக் டைம் என்றால், தேடுகிற இடத்துக்கு ஹெட்டு போய்ச் சேருகிற நேரம். அந்த அம்மா வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

அவர் பெண் பார்க்கப் போன கதையை அவர் சம்சாரம் மல்லிகாக்கா சொல்லித்தான் கேட்கணும். பெண்வீட்டார் மரியாதைக்கு, "மாப்ள, பொண்ணுகிட்ட ஏதாச்சும் பேசுங்க" என்றிருக்கிறார்கள். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஹெட்டு தட்டைத் தொடவே கூடாதுங்க. தொடாம, விலகாம, மயிரிழையைவிடக் கம்மியான தூரத்துல காத்துல மெதந்துக்கிட்டே இருக்கணும். புருசன் பொண்டாட்டியும் அப்படித்தான்" என்றாராம். 'தொடவே கூடாது' என்பது மட்டும்தான் மாமனார் காதில் விழுந்திருக்கிறது. மனுசன் பதறிப்போய் புரோக்கரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அப்புறம் எப்படிக்கா கட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"வந்தவனெல்லாம் சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமான்னு என்னையக் கேட்டானுவ. இந்த ஆளு ஒருத்தருதான் தனக்கு என்ன தெரியும்னு சொன்னாரு" என்றார் மல்லிகாக்கா.

ஆர்பிஎம்முக்கும் ஒருநாள் சரியான ஆள் அமைந்தது. முட்டிவலி என்று டாக்டரிடம் போனவர், "ஸ்பிண்டில் பேரிங் தேஞ்சு கிர்ருங்குதுங்க" என்றிருக்கிறார். அந்த டாக்டர் ஏற்கெனவே, "டப்பா வேலை செய்யல" என்று சொன்ன பாவத்துக்காக ஆர்பிஎம் கடை வாசலில் வெயிலில் நின்றவர். சாவகாசமாகப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அது பேரிங் இல்லீங்க. சரியான வார்த்தையைத் தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஆர்பிஎம் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். ம்ஹூம். ராத்திரியெல்லாம் மகள் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் படித்துவிட்டு, காலையில் போய், "குருத்தெலும்புங்க" என்றாராம். அன்றிலிருந்து டாக்டர்மேல் அவருக்குத் தனி மரியாதை.

இந்த மனுசன் தயவில் நான் தப்பித்த கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

சித்தேரி மலையில் ராதா என்கிற பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். வீடியோ நான்தான். அவள் அண்ணன் வெங்கடேசன் பட்டாளத்தில் இருக்கிறான். அப்பா இல்லாத வீட்டில் மாப்பிள்ளை பார்த்தது, பேசி முடித்தது, எல்லாம் அவன் போனிலேயே செய்தது. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. "தீபாவளிக்கு வரேண்ணா. வந்து எல்லாரும் உக்காந்து பாப்போம். அதுவரைக்கும் ஒரு துண்டுகூட எனக்கு அனுப்பாதீங்க, போன்ல பாக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான். நானும் பெரிய மனுசன் மாதிரி, "நீங்க நிம்மதியா வாங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்தாகிவிட்டது. மொத்தக் கல்யாணமும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது. "ரெண்டு காப்பி வெய்யி தம்பி" என்று ஆர்பிஎம் நூறு தடவை சொன்னவர்தான். நாம் என்றைக்குக் கேட்டோம்!

ஆயுத பூஜை வந்தது. ஸ்டுடியோவைக் கழுவி, கேமரா, லென்ஸ், லைட்டு என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். பெட்டியில்லாத வெறும் டிஸ்குகளையும் வைத்தேன். அதுவும் தொழில் கருவிதானே! என் சம்சாரம் செல்வி பன்னீர் விட்டுச் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். டிஸ்க் மேல், உள்ளே காற்றுப் போய்வர ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றி ஒரு வட்டம். பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் இடம் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. சரியாக அந்தத் துளை மேலேயே வழிய வழிய வைத்தாள். 'இந்தத் துளையை மூடாதே' என்று பக்கத்திலேயே இங்கிலீஷில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதன் மேல் குங்குமம்.

மறுநாள் டிஸ்கை மாட்டினேன். டக். டக். டக்.

கழற்றி மறுபடி மாட்டினாலும் அதே சத்தம். செல்விக்கு விசயம் புரிந்ததும் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "அந்தப் பையன் மூஞ்சில எப்படிங்க முழிப்போம்?" என்று அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் டிஸ்கைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனேன்.

"டக்டக்குங்குதுங்ணா" என்றேன். வார்த்தையாவது சரியாக இருக்கட்டும் என்று.

ஆர்பிஎம் ஸ்க்ரூடிரைவர் முனையை டிஸ்கிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். "என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலைங்ணா. சும்மாதான் இருந்துச்சு."

அவர் டிஸ்கை மூக்குப் பக்கம் கொண்டுபோனார். "பன்னீர் வாசம் வருது. இது எந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துச்சு தம்பி?"

அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செமத்தியாகத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்குது?"

"பதினெட்டுங்ணா."

முதல் வேலையாக, அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வேண்டும், அதன் ஹெட்டை எடுத்து இதில் மாட்டணும் என்றார். மாவட்டம் பூராவும் அலைந்து, இண்டூரில் மூடிப்போன ஒரு பிரௌசிங் சென்டரின் பழைய சிபியூவில் அதைப் பிடித்தோம். அதற்கே பத்து நாள் ஓடிப்போனது. அப்புறம்தான் கூத்து. டிஸ்கைத் திறக்கிற இடத்தில் தூசியே இருக்கக் கூடாது. அதற்கெல்லாம் பெரிய ஊரில் தனி ரூம் உண்டாம். ஆர்பிஎம் தன் வீட்டுக் குளியலறையைத் தேர்ந்தெடுத்தார். வெந்நீர் ஆவி விட்டுத் தூசியைத் தரையில் படியவைத்து, காயவிட்டு, கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டி, தலைக்கு பாலிதீன் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாலு நாள். குடும்பம் மொத்தமும் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தது. அதைவிடக் கொடுமை, வீட்டில் தாளிக்கக் கூடாது என்று உத்தரவு.

"ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து, தாளிப்புப் புகையில இருக்கிற ஒரு துகளைவிடச் சின்னது. ஒரு துகள் மாட்டுனாப் போதும், தட்டுல கோடு விழுந்துரும். கோடு விழுந்தா கல்யாணம் போச்சு" என்று கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாலு நாளா இந்த வூட்டுல கடுகு வெடிக்கல. களியும் தயிரும் தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்று மல்லிகாக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். ஆனால் எதிர்வீட்டுக்காரர் குப்பையைக் கொளுத்தியபோது ஓடிப்போய் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்ததும் அதே மல்லிகாக்காதான். "யாரோ ஒரு பொண்ணோட கல்யாணம் உள்ள கெடக்குது, நீ குப்பையக் கொளுத்தறியா?" என்று தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

நாலாம் நாள் சாயங்காலம் கதவு திறந்தது. மனுசன் பாதியாக இளைத்திருந்தார்.

"வந்துருச்சு தம்பி. பதினோரு நிமிசம் மட்டும் வரல."

"எந்தப் பதினோரு நிமிசம்ணா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தாலி கட்டுறது."

அந்த இடத்தை வெட்டி, முன்னும் பின்னும் ஒட்டி, மேலே ரெண்டு பூவைத் தூவி, பாட்டைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்றேன். ஸ்டுடியோக்காரன் புத்தி. ஆர்பிஎம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "இல்லாததை இல்லைன்னுதான் காட்டணும். பதினோரு நிமிசமும் கருப்பாவே ஓடட்டும்" என்றார். தானும் மலைக்கு வருவதாகச் சொன்னார். எனக்குக் கதிகலங்கியது. இந்த மனுசன் அந்தப் பையனை உட்காரவைத்து, துளை, பன்னீர், ஹெட்டு என்று வரிசையாக விளக்கிவிட்டால்? செல்வி பேர் மலை முழுக்க நாறிப்போகுமே!

"நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத" என்று பஸ்ஸில் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம். வெங்கடேசன் வீட்டில் டிவி முன்னால் முப்பது பேர். புது மாப்பிள்ளை, ராதா, அவர்கள் அம்மா, சொந்தக்காரர்கள் எல்லாரும். ஆர்பிஎம் எழுந்து நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"தம்பி, உங்க தங்கச்சி கல்யாணத்துல பதினோரு நிமிசம் இல்லைங்க. தாலி கட்டுறதும் அதுல போயிடுச்சு. டிஸ்க் ரிப்பேருக்கு எங்கிட்ட வந்துச்சு. பிரிக்கும்போது என் கை பட்டுருச்சு. என் தப்புதாங்க."

ஒரு சத்தத்தைக்கூடத் தப்பாகச் சொல்ல விடாத மனுசன், முப்பது பேர் முன்னால் முழுப் பொய் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கிறார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். அவர் என் பக்கம் ஒரு முறை முறைத்தார்.

வெங்கடேசன் அவரைக் கைகாட்டி உட்காரச் சொன்னான். அப்புறம், "இருக்கிறதைப் போடுங்க, பாப்போம்" என்றான்.

ஓடியது. பந்தக்கால், மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றினது. டப்பென்று டிவி கருப்பானது. வெங்கடேசன் அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அம்மாதான் ஆரம்பித்தார். "இங்கதான்டா மாப்ளைக்குக் கை நடுங்குச்சு."

"எனக்கு நடுங்கல அத்தை. பின்னாடி மாமா இடிச்சுட்டாரு!"

"நான் எங்கடா இடிச்சேன்? கூட்டம் தள்ளுச்சு!"

"ரெண்டு முடிச்சு நாத்தனார்தான் போட்டுச்சு. மூணாவது முடிச்சுக்கு மாலை சிக்கிக்கிச்சு..."

ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருத்தர் எழுந்து நாதஸ்வரம் ஊதிக் காட்டினார். வெங்கடேசன் யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கடைசியில் ராதா மெதுவாக, "தாலி ஏறுனப்ப நான் வாசப்பக்கந்தான்ணா பாத்துக்கிட்டு இருந்தேன். எப்படியும் வந்துருவேன்னு நெனச்சேன்" என்றாள். அவன் தங்கச்சி தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான். டிவியில் படம் திரும்பி வந்தபோது யாரும் அதைப் பார்க்கவில்லை.

மலை இறங்குகிற பஸ்ஸில் கேட்டேன். "ஏங்ணா அப்படிச் சொன்னீங்க? உங்க பேர் கெட்டுப்போகாதா?"

"எம்பேர் கெட்டா டிஸ்க் கொண்டாரவன் ரெண்டு பேர் கொறைவான், அவ்வளவுதான். செல்விப் புள்ள பேரைச் சொல்லியிருந்தா, அடுத்த வருசம் எதுக்குமே பொட்டு வெக்கப் பயப்படும் தம்பி."

இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று எங்கள் ஸ்டுடியோவில் கேமரா, லென்ஸ், லைட்டு எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். ஆர்பிஎம் ஆடி அசைந்து தெருவைக் கடந்து வந்து நாற்காலியில் உட்காரணும். செல்வி சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துவந்து, முதல் பொட்டை அவர் நெற்றியில் வைப்பாள்.