பன்னிரண்டாம் உறுப்புரையும் சுல்பிகாவின் நெஞ்சுவலியும்

சாய்ந்தமருது

அன்பு மருமகன் றிஸ்வானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் நீ சுகமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்டபடி மாமா எழுதுவது.

உன் மாமி சுல்பிகாவுக்கு நெஞ்சு வலித்த அன்று, அபாயா உடுத்தபடி வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து உனக்குப் போன் எடுத்தேன் அல்லவா? இன, மத பேதம் காட்டக்கூடாது என்ற அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையை நீ ஸ்பீக்கரில் சொல்லித் தந்தாய். ஓட்டோவில் வழிநெடுக அதையே பாடமாக்கினேன். "சட்டத்த விட்டுட்டு யாஸீன ஓதுங்களன்" என்று உன் மாமி கெஞ்சினாள்.

போனால் சண்டை பிடிக்க ஒரு ஆளில்லை. அபாயாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அங்கே நம் ஆள் யார் என்று தேடுவதுதானே நம் வழக்கம்? அங்கே வேலை செய்யும் பக்கத்துத் தெருக் காலிதீன் எங்களைப் பின்கதவால் கூட்டிப்போக, சுலக்சனா என்ற தாதி மறித்தாள். "வெளியில ஆக்கள் காத்திருக்காங்க, நீங்க எப்பிடி உள்ள வந்தீங்க?" என்றாள். இதுதான் சமயமென்று உறுப்புரையை முழுதாக எடுத்துவிட்டேன். "ஓம் ஐயா, எல்லாரும் சமம். அதாலதான் கேக்கிறன்" என்றாள்.

ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்ததும் அவளே தள்ளுநாற்காலியில் இருத்தி ஓட்டமாய் ஓடினாள். நாங்கள் கேட்காமலே திரையை இழுத்து, பெண்ணொருத்தியை அழைத்து ஈ.சி.ஜி. எடுக்க வைத்தாள். மாரடைப்பு. கொஞ்சம் சுணங்கியிருந்தால் மாமி இல்லை என்றார் டொக்டர். முதலில் பார்த்தது காலிதீனுக்காக அல்ல, நோய்க்காகவாம். மாமியை உள்ளே தள்ளும்போதே, வரிசையில் முன்னால் இருந்த சவளக்கடை ஊர் விவசாயி சீனித்தம்பி, இடுப்பில் வயல் சேறு காயாத சாரனோடு, "எனக்கு மூட்டு வலிதானே, அந்தத் தங்கச்சியப் பாருங்க" என்றார். அந்த மனிசனின் கையைப் பிடித்து அழுதேவிட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்கும் அந்தத் தாதிப் பிள்ளைக்கும் துஆ கேட்கிறேன்.

சட்டம் சொல்லித் தந்த உனக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. உன் வாதம் எந்தக் கோர்ட்டிலும் தோற்காதிருக்கட்டும்.

மாமா முத்தலிப்

பி.கு.: மாமிக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். அன்று ஸ்பீக்கரில் கேட்டதை அவளும் பாடமாக்கியிருக்கிறாள். "ஒரு வீட்டுல ரெண்டு ஆணமா? எல்லாரும் சமம்" என்று எனக்கும் சோற்றுக்கு உப்பில்லாத மீன் ஆணம்தான். கருவாடெல்லாம் பக்கத்து வீட்டுச் சபியா உம்மாவுக்குப் போய்விட்டது. அந்த உறுப்புரைக்கு விதிவிலக்கு ஏதாவது இருந்தால் உடனே போன் எடு. ஸ்பீக்கரில் போடமாட்டேன்.