நிற்போரும் உறங்குவோரும்

ஒரு மனிதன் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்க ஆசைப்பட்டால் அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். யூனுஸும் அப்படித்தான் கேட்டார். உக்கடம் பக்கம் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவர், ஐம்பத்து மூன்று வயதுவரை உலகத்தை அவ்வளவு வெள்ளந்தியாக நம்பியிருந்தார்.

பாட்டு என்றால் சாதாரணப் பாட்டு அல்ல. வெளிநாட்டில் நடந்த பெரிய சிம்பொனிக் கச்சேரி ஒன்றைப் படம் பிடித்து வெளியிட்ட தட்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழுதுக்கு வந்த ஒரு பிளேயருக்குள் சிக்கிக் கிடந்தது. கொண்டுவந்த ஆள் திரும்பி வரவே இல்லை. வாத்தியக்காரர்கள் நூற்றிருபது பேர், அவர்களுக்குப் பின்னால் படிப்படியாகப் பலகை போட்டுப் பாடகர்கள் முந்நூறு பேர். நான்கு பகுதி, மொத்தம் எழுபத்து நான்கு நிமிடம். விசேஷம் என்னவென்றால், முதல் நாற்பத்தெட்டு நிமிடம் அந்த முந்நூறு பேரும் வாயே திறக்க மாட்டார்கள். கறுப்பு உடுப்பில், மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அதன் பிறகு எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்று பாடுவார்கள்.

யூனுஸ் அதை வீட்டில் பதினொரு தடவை போட்டுப் பார்த்தார். சரியாக அந்த முந்நூறு பேரும் எழுந்திருக்கும் நேரத்தில்தான் சிலிண்டர்காரர் மணி அடிப்பார், குக்கர் கத்தும், இல்லாவிட்டால் மச்சான் போன் பண்ணுவார். போதாததற்கு மனைவி உம்மல் குல்சும் வேறு.

"ஏனுங்க, முந்நூறு பேரைக் கூட்டியாந்து முக்கா மணி நேரமாச் சும்மா உக்கார வெச்சிருக்கானே, இவுங்க ஊட்டுல எல்லாம் சோறு ஆரு ஆக்கறது?"

"பாடப் போறாங்க குல்சும், செத்த பொறு."

"எத்தனை தடவ பொறுக்கறது? நீங்க போட்டப்ப எல்லாம் உக்காந்துதான் இருக்காங்க."

அந்தக் குரல்கள் சேர்ந்து வரும் இடத்தை நல்ல ஸ்பீக்கரில், நல்ல அரங்கில், சத்தம் போடாத நாலு பேரோடு உட்கார்ந்து ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். யூனுஸுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ஆசை நிறைவேறும்போல் ஒரு காலமும் வந்தது. கோவையில் பெரிய மனிதர்கள் எல்லாரும் போன வருஷம் விடியற்காலையில் பனியன் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதற்கு முந்தின வருஷம் தினை தின்றார்கள். இந்த வருஷம் சிம்பொனி வந்திருந்தது. சோமனூர்ப் பக்கம் நூற்பாலை வைத்திருந்த லட்சுமணசாமி 'உயர்ரசனைக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கித் தானே தலைவரும் ஆகியிருந்தார். சிம்பொனி எழுதியவரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில் கழகத்துக்குள் மூன்று கட்சி இருந்தது. ஆகையால் எல்லாரும் 'அந்தப் பெரிய ஐட்டம்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"பாய், உங்ககிட்டத் தட்டு இருக்குது, என்கிட்ட ஹால் இருக்குது. போட்டுப்போடலாம்" என்றார் லட்சுமணசாமி.

"ரொம்ப சந்தோஷமுங்ணா. எல்லாரும் அமைதியா உக்காந்து கேட்டாப் போதும்."

அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பொதுநிகழ்ச்சி ஒழுக்க மேற்பார்வை அலுவலகத்தின் விண்ணப்பத்தில் நாடகம், நடனம், சொற்பொழிவு, மல்யுத்தம், இதர என்று ஐந்து வகைகள் இருந்தன. யூனுஸ் 'இதர' என்பதில் குறியிட்டார். 'இதர' வகை நிகழ்ச்சிகளில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாதாகையால், மேற்பார்வையாளர் நேரில் வந்து முதல் வரிசையில் அமர வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளர் திருவாளர் மாரப்பன் பொன்னாடை சகிதம் அமர்த்தப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் படம் தொடங்கியது. அரங்கில் நானூறு பேர். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் பின்சுவரோரம் நின்ற யூனுஸ் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். முதல் மூன்று பகுதியும் எந்த விக்கினமும் இல்லாமல் போயிற்று. நாற்பத்தெட்டாவது நிமிடம் திரையில் முந்நூறு பேரும் எழுந்தார்கள்.

மாரப்பன் அதுவரை கைப்பேசியில் ஆனைமலைக்கு ஏதோ வழி பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தால் எதிரே முந்நூறு பேர் விறைப்பாக நிற்கிறார்கள். முப்பது வருஷ சர்வீஸில் அவர் கற்றது இதுதான்: இத்தனை பேர் சேர்ந்து எழுந்தால், ஒன்று, பின்னால் கலெக்டர் வந்திருக்க வேண்டும், அல்லது தேசிய கீதம். பின்னால் திரும்பிப் பார்த்தார். கலெக்டர் இல்லை. உடனே எழுந்து, இரு கைகளையும் தொடையோடு ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அதிகாரி நிற்கும்போது லட்சுமணசாமி உட்கார முடியுமா? அவர் எழுந்தார். தலைவர் நிற்கும்போது கழகம் உட்கார முடியுமா? மடக்கு நாற்காலிகள் படபடவென்று மடங்கின. வரிசை வரிசையாக அரங்கமே எழுந்து நின்றது. யூனுஸ் ஆறு வருஷமாகக் காத்திருந்த அந்த இடம் நாற்காலிச் சத்தத்தில் காணாமல் போய்விட்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் முடிகிற மரியாதை அன்று இருபத்தாறு நிமிடம் நீடித்தது. ஒருவருக்குக் காலில் எறும்பு ஏறியது. ஒருவருக்குத் தும்மல் பாதி வழியில் நின்றது. முதலில் உட்கார்ந்து தேசத்துரோகி ஆக யாருக்கும் துணிச்சல் இல்லை. எந்த தேசம் என்பது வேறு தெரியவில்லை.

மறுநாள் யூனுஸுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"நேத்து வாசிச்சது எந்த நாட்டுக் கீதம்?" என்றார் மாரப்பன்.

"கீதமில்லீங்க சார். சிம்பொனிங்க."

"அப்ப நான் எதுக்கு எந்திரிச்சேன்?"

"அது... எனக்கெப்படிங்க சார் தெரியும்?"

"ஒரு அதிகாரி காரணமில்லாம எந்திரிக்க மாட்டாருங்க பாய். நான் எந்திரிச்சிருக்கேன். நானூறு பேரு சாட்சி. அப்ப காரணம் இருக்குது. அது என்னன்னு எழுதிக் குடுக்க வேண்டியது உங்க பொறுப்பு."

"ஏதாவது ஒரு நாட்டுப் பேரை எழுதிப்போடட்டுங்களா?"

"எழுதுங்க. அன்னிய நாட்டுக் கீதத்தை முன் அனுமதியில்லாம வாசிச்சதுக்குக் கேஸ் போட்டுப்போடறேன்."

யூனுஸ் பேனாவை மூடிவிட்டார். நாட்டுப் பேரை எழுதினால் அவருக்கு ஆபத்து, எழுதாவிட்டால் அதிகாரிக்கு ஆபத்து. அலுவலகம் நான்கு நாள் ஆலோசித்து, இரண்டு ஆபத்தையும் தவிர்த்து ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 'மேற்படி இசை எந்த நாட்டுக் கீதமும் அல்ல என்றபோதிலும், தகுதிவாய்ந்த அதிகாரி எழுந்து நின்றமையால் அது எழுந்து நிற்கத்தக்க இசையென இதன்மூலம் வகைப்படுத்தப்படுகிறது. இனி அவ்விசை ஒலிக்கையில் அமர்ந்திருப்போர் மீது உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.'

ஊர் இதை எதிர்த்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஊர் சொக்கிப்போயிற்று. வியன்னாவிலேயே நின்றுதான் கேட்கிறார்கள் என்று லட்சுமணசாமி கிளப்பில் அடித்துச் சொன்னார். வியன்னாவுக்குப் போய் வந்த ஒருவர், தான் உட்கார்ந்து கேட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஆமாம் என்றார். இசைக்கு நிற்பதற்கென்றே மெத்தை வைத்த செருப்பு ஆர்.எஸ்.புரம் கடைகளில் வந்தது. காங்கேயம் பஸ்ஸில் யாருடைய கைப்பேசியிலோ அந்தப் பாட்டு ஒலிக்க, கார் பழுதாகி பஸ் ஏறியிருந்த இரண்டு கழக உறுப்பினர்கள் துள்ளி எழுந்தார்கள். அதுவரை நின்றுகொண்டு வந்த இரண்டு பெண்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். சுற்றறிக்கையால் உருப்படியாக நன்மை அடைந்தவர்கள் எனக்குத் தெரிந்து அந்த இருவர்தான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அன்று எடுத்த போட்டோ ஒன்றில், நானூறு பேர் நடுவே ஒரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். உற்றுப் பார்த்தால் அது தலைவர் லட்சுமணசாமியின் மனைவி ராமாமணி. நோட்டீஸ் போயிற்று. லட்சுமணசாமி வெலவெலத்துப்போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"எதுக்குங்கம்மா உக்காந்திருந்தீங்க?" என்றார் மாரப்பன்.

"நான் எங்கீங்க உக்காந்தேன்? தூங்கிப்போட்டேன்" என்றார் ராமாமணி.

மாரப்பன் யோசித்தார். உறங்குகிறவர் உட்கார்ந்திருப்பவர் அல்ல. அவர் உடல்தான் நாற்காலியில் இருக்கிறது, ஆள் அங்கே இல்லை. இல்லாத ஆள் எப்படி எழுந்து நிற்பார்? இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. 'உறங்குவோருக்கு நிற்பதிலிருந்து விலக்களிக்கப்படுகிறது. விழித்த நிலையில் அமர்ந்திருத்தல் மட்டுமே குற்றமாகும்.'

அதாவது அந்தச் சிம்பொனிக்கு ஒருவர் நிற்கலாம், அல்லது தூங்கலாம். உட்கார்ந்து கேட்கத்தான் கூடாது.

ஊர் கேட்டுக்கொண்டதால் கழகம் இரண்டாவது காட்சிக்கு நாள் குறித்தது. யூனுஸ் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். விறைப்பாக நின்றுகொண்டு எதைக் கேட்பது? இருபத்தாறு நிமிடமும் கால்தான் ஞாபகத்தில் இருக்கும். அவருக்கு நரம்புச் சுருட்டல் வேறு. கடைசியில் யோசனை சொன்னது உம்மல் குல்சும்தான்.

"தூங்கறவங்களுக்குத்தான் விலக்குன்னு போட்டிருக்காங்களே. கண்ணை மூடிட்டு உக்காருங்க. காதை மூடச் சொல்லி உத்தரவு இல்லீல்ல?"

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இவளுக்கு இத்தனை மூளை என்று தெரியாமல் போயிற்றே என்று யூனுஸ் நினைத்துக்கொண்டார்.

"நானும் வாரேன். இத்தனை நாளா உக்காந்தே இருக்காங்களே, என்னதான் பாடறாங்கன்னு பாத்துப்போடலாம்" என்றார் குல்சும்.

இரண்டாவது காட்சியன்று அரங்கு நிரம்பி வழிந்தது. மாரப்பன் கையில் டார்ச் விளக்கோடும், பதிவேடு ஏந்திய உதவியாளர் ரூபினாவோடும் வந்திருந்தார். சுற்றறிக்கை அமலாவதை ஆவணப்படுத்த ஒரு வீடியோக்காரரும் வந்தார். படம் பிடித்த கச்சேரியைப் பார்க்கிறவர்களை இன்னொருவர் படம் பிடிக்கத் தொடங்கினார். யூனுஸ் ஒலியளவைச் சரிபார்த்துவிட்டு, பின்பாதியில் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது பகுதி முடியும்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நாற்காலிகள் படபடத்தன, முன்பாதி எழுந்து நின்றது. நல்லவேளையாக அந்தச் சத்தம் சீக்கிரம் ஓய்ந்தது. பிறகு குரல்கள் வந்தன.

முதலில் ஆண்கள், தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, ரொம்ப மெதுவாக. அதன் மேல் பெண்களின் குரல். பிறகு முந்நூறும் ஒன்றாக. யூனுஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆறு வருஷம் காத்திருந்தது வீண் இல்லை என்று தோன்றியது. மூடின கண்ணுக்குள்ளிருந்து நீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது. துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை. இன்னும் இருபது நிமிடம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

முகத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"ரூபினா, இங்க பாரு. இவரு அழுவறாரு. தூங்கறவரு எப்படி அழுவாரு?"

பக்கத்திலிருந்து உம்மல் குல்சும், கண்ணைத் திறக்காமலே, பதில் சொன்னார்.

"கனாக் காணறாருங்க சார்."

"நீங்க?"

"நானும் தூங்கிட்டுத்தானுங்க இருக்கேன்."

மாரப்பனுக்கு இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அத்தாட்சி இல்லாமல் எதையும் ஏற்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

"வாயில சொன்னாப் பத்தாதுங்க. பதிவேட்டுல தூக்கத்துக்கு அடையாளம்னு ஒரு கட்டம் இருக்குது. குறட்டை விடுங்க."

பாட்டு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. யூனுஸ் ஒரு கணம் தயங்கினார். டார்ச் நகரவில்லை. அவர் மெல்லக் குறட்டை விட்டார்.

"சரியாக் கேக்கலீங்க, வீடியோவுல பதியோணும்" என்றார் ரூபினா.

யூனுஸ் பலமாக விட்டார். குல்சும் கூடச் சேர்ந்துகொண்டார். டார்ச் அடுத்த நாற்காலிக்குத் திரும்பியது. அங்கே இருந்தவர், கேட்பதற்கு முன்னாலேயே, உறுமினார். அதற்கடுத்தவரும் தொடங்கினார். டார்ச் வந்து சேராத வரிசைகளும் முன்ஜாக்கிரதையாக ஆரம்பித்துவிட்டன. யூனுஸ் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தார்.

பின்பாதி முழுக்க ஆட்கள். விசைத்தறிக்காரர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சர்கள் நாலு பேர், பக்கத்துக் கடை ஆஸிம், இருநூறு பேர் இருக்கும். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. அநேகமாக எல்லார் கன்னமும் ஈரமாக இருந்தது. அத்தனை பேரும் தூங்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறார்கள். இந்த ஊரில் தான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்த யூனுஸுக்கு நெஞ்சு விம்மியது. அத்தனை பேரும் தொண்டை கிழியக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் முந்நூறு பேரும் வாயை அகலத் திறந்து பாடினார்கள். ஒரு வார்த்தை, ஒரு சுரம்கூட யார் காதிலும் விழவில்லை.

முன்பாதி அசையாமல் நின்றது. வீடியோக்காரர் எல்லாவற்றையும் படம் பிடித்தார். மாரப்பன் திருப்தியாகத் தலையாட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து, 'சார், நான் கேக்கறதுக்குத்தான் வந்தேன்' என்று சொல்லியிருந்தால் போதும். இருநூறு பேரும் கூடவே சொல்லியிருப்பார்கள். யாராவது சொல்லட்டும் என்று யூனுஸ் காத்திருந்தார். மற்றவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. டார்ச் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. யூனுஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்பைவிடச் சத்தமாக அடுத்த குறட்டையை இழுத்தார்.