வேறு வழியில்லை என்றவர்

தன் அப்பாவின் இறுதிச் சடங்குக்கு ஏன் வரவில்லை என்று மனைவி கொனாடு கேட்டபோது, பேராசிரியர் ட்வோமோ மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தத்துவம் பேசினார்.

"மனுஷன் எதையும் தானா முடிவு பண்றதில்லை. ஒவ்வொண்ணும் முன்னாடி நடந்ததோட விளைவு. அந்தச் சனிக்கிழமை நான் வேற மாதிரி நடந்திருக்கவே முடியாது."

உண்மையில், மனிதனுக்குச் சுயவிருப்பம் கிடையாது என்று நிரூபிக்கும் தன் நூலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தார். எழுந்து போகச் சோம்பலாக இருந்தது.

கொனாடு துக்கத்தின் சிவப்புத் துணியைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"அப்போ வண்டியே ஏறலையா?"

"ஏறுறது என் கையில இல்லை கொனாடு."

அன்று மாலை வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு ஃபூஃபூ கிழங்கு இடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

"இடிக்கலாம்னுதான் பார்த்தேன். கை வரலை. முன்னாடி நடந்ததோட விளைவு" என்றாள் கொனாடு.

பேராசிரியர் பயந்துபோய், புரியவைத்துவிடலாம் என்று நூலின் கையெழுத்துப் பிரதியை அவளிடம் கொடுத்தார். காலையில் அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"படிச்சேன். நான் இன்னிக்கு அம்மா வீட்டுக்குப் போறது, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே முடிவானதாம். நாப்பத்தோராம் பக்கம்."

மூன்று வாரம் குமாசி நகரத்து வீட்டில் தனியாக இருந்தார். தான் பேசுவதை இந்த உலகத்தில் ரசித்துக் கேட்ட ஒரே மனிதர் மாமனார்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தையும் புரியாமலே தலையாட்டுவார், பாவம். அவரை வழியனுப்பக்கூடப் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க, வழக்கப்படி இரண்டு புட்டி ஷ்னாப்ஸ் மது வாங்கிக்கொண்டு மாமனார் ஊருக்குக் கிளம்பினார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்ததில் வெளியே எதையும் பார்க்கவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நீங்க வராததை நாங்க யாரும் தப்பா..."

"தப்புதான் மாமா!" பேராசிரியர் குறுக்கிட்டார். "வந்திருக்கலாம். தடுக்க ஒண்ணுமே இல்லை. நானாத்தான் வரலை. என் இஷ்டம், என் குத்தம்!"

இருபத்தாறு வருடம் வகுப்பில் மறுத்ததை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டு அழுதார்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஷ்னாப்ஸை எடுத்துக்கொண்டு, அபராதமாக ஓர் ஆடு விதித்தார்கள். கொனாடு எழுந்து உள்ளே போனாள்.

"ஆட்டைக் குடுத்துட்டுக் கிளம்பச் சொல்லுங்க" என்று குரல் மட்டும் வந்தது.

திரும்புகையில், அந்த ஊர்க்கார டாக்சி ஓட்டுநர் ஆற்றின் மேல் ஆமையாய் ஊர்ந்தார்.

"கொஞ்சம் வேகமாப் போனா என்னப்பா?"

"வெறும் பலகை சார். சடங்கு அன்னிக்குப் பாலத்தையே வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு, நீங்க கிளம்பியிருந்தாலும் வந்திருக்க முடியாது. அந்தம்மாதான் பாவம், எம் புருஷன் அக்கரையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாருன்னு நாள் முழுக்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாங்க."